காரியஸ்தன் தலையில் பழி

பால்மர்ஸ்டன் பிரபு நல்ல நிலச்சுவான்தார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

1784-ல் பிறந்து, பிரிட்டிஷ் பிரதம மந்திரியாக இருக்கும்போதே 1865-ல் இறந்தவர் அவர். அயர்லாந்தில் ஸ்லைகோ பகுதியில் சுமார் 10,000 ஏக்கர் நிலம், வாசமோ இங்கிலாந்தில். பிரபுப் பட்டம் அயர்லாந்துப் பட்டமாக இருந்ததால் காமன்ஸ் சபையில் உட்காரத் தடையில்லை. 1807-ல் அங்கே நுழைந்தார். பட்டமும் குத்தகைப் பணமும் அயர்லாந்திலிருந்து. பதவியும் பெருமையும் இங்கிலாந்தில்.

அவருக்காகப் பேசுகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. முல்லாமோரில் துறைமுகம் கட்டினார்; நிலத்தை மூடிய கடல் மணலைப் புல் நட்டுத் தடுத்தார்; பள்ளிக்கூடம் வைத்தார்; அடிமை வியாபாரக் கப்பல்களை விடாமல் வேட்டையாடினார். அத்தனையும் உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் 1847-ல் நடந்தது என்ன? உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய வருஷம் அது. நாலு பவுனும் அதற்குக் குறைவும் மதிப்புள்ள சிறு நிலங்களுக்கு ஏழை வரியை நிலச்சொந்தக்காரரே கட்ட வேண்டும் என்பது சட்டம். குடியானவன் இருந்தால் செலவு, போனால் லாபம். பிரபுவின் செலவில், அவருடைய நிலத்துக் குடிகள் ஏறக்குறைய 2,000 பேர் ஒன்பது கப்பல்களில் கனடாவுக்கு ஏற்றப்பட்டார்கள்.

அவற்றில் ஒன்று 'லார்ட் ஆஷ்பர்ட்டன்'. குளிர் தொடங்கிவிட்ட அக்டோபர் கடைசியில் க்யூபெக் அருகே வந்து சேர்ந்தது. வழியிலேயே நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். பிரபுவின் குடிகள் பலர் மானம் மறைக்கத் துணியில்லாமல் நின்றார்கள். தர்மத்துக்குத் துணி கொடுத்த பிறகுதான் அவர்களால் கரையில் இறங்க முடிந்தது. கனடாச் சட்டசபை அங்கத்தினர் ஆடம் ஃபெரி வெகுண்டு, லண்டன் மந்திரிக்கே கடிதம் எழுதினார்.

வந்த பதில் காரியஸ்தர்களின் விளக்கம்: 'அவர்களாகத்தான் விரும்பிப் போனார்கள்.'

விரும்பிப் போனார்களாம்! பட்டினி கிடப்பவனிடம், இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டு வாங்கிய விருப்பம் அது.

அதே 1847-ல் ஏதென்ஸில் டான் பசிஃபிகோ என்ற வியாபாரியின் வீட்டை ஒரு கும்பல் சூறையாடிற்று. அவர் ஜிப்ரால்டரில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை. வெளிநாட்டு மந்திரியாக இருந்த பால்மர்ஸ்டன் 1850-ல் கடற்படையை அனுப்பிக் கிரேக்கத் துறைமுகத்தையே முற்றுகையிட்டார். பிரிட்டிஷ் பிரஜை எங்கே இருந்தாலும் இங்கிலாந்தின் கை அவனைக் காக்கும் என்று பார்லிமென்டில் முழங்கினார். ஸ்லைகோ குடியானவனும் பிரிட்டிஷ் பிரஜைதானே? ஒருவருடைய வீட்டுச் சாமான்களுக்காகக் கப்பற்படை. 2,000 பேருக்குக் காரியஸ்தனின் கடிதம்!

பிரபுவுக்குத் தெரியாது, எல்லாம் கீழே இருந்தவர்கள் செய்தது என்கிறார்கள் இன்றும். கதை எழுதுகிறவர்களாகிய நாம் வளர்த்துவிட்ட வழக்கம் இது. எஜமான் தங்கம், காரியஸ்தன் பாதகன். கடைசி அத்தியாயத்தில் எஜமான் கண்ணைத் திறந்து நியாயம் வழங்குவார். படிக்கிறவர்களுக்கும் நிம்மதி. ஆனால் சரித்திரத்தில் அந்தக் கடைசி அத்தியாயம் வருவதில்லை.

குத்தகைப் பணமும் காரியஸ்தன் கைவழியாகத்தான் வந்தது. அதைப் பிரபுவின் பணம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதே கை ஏற்றி அனுப்பிய கப்பல் மட்டும் எப்படிக் காரியஸ்தனுடைய கப்பலாகும்?