மொட்டைக்கும் சொட்டைக்கும் நடுவில்

மொட்டை, சொட்டை. ஒரு எழுத்துதான் வித்தியாசம். மொட்டைன்னா "பழனியா, திருப்பதியா?" என்று கேட்பாங்க. சொட்டைன்னா எதுவும் கேட்க மாட்டாங்க, சிரிப்பாங்க. முதலாவது நாமே செய்துகொண்டது, இரண்டாவது தானாக நடப்பது. ஸ்டைலுக்கு மொட்டை போட்டுத் திரிகிற ஒருத்தனுக்கு உள்ளே சொட்டை விழுவது தெரிந்தால் கொஞ்சம் உதறத்தான் செய்யும்.

நான் செகண்ட் இயரிலிருந்து மொட்டைதான். எங்களை மாதிரி ஆட்களுக்கு முடி கொட்டுவது லேசில் தெரியாது. சீப்பில் வராது, தலையணையில் கிடக்காது. ஆனால் ஷேவ் செய்த இரண்டாம் நாள் நல்ல வெளிச்சத்தில் பாருங்க. காதுக்கு மேலேயும் பின்னந்தலையிலும் கறுப்பாக, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். நெற்றியின் இரண்டு ஓரமும் உச்சியும் மட்டும் வெளுத்து, தடவினால் வழவழன்னு இருக்கா? விஷயம் ஆரம்பிச்சாச்சு.

"மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்" என்று வீட்டில் சொல்வாங்க. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற ஆய்வாளர் 1928லேயே இதைச் சோதித்துப் பார்த்து, ஷேவ் செய்வதால் முடி வளர்ச்சி மாறாது என்று எழுதிவிட்டார். பிளேடு வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரில்லாத பகுதியை. வேருக்கு அது தெரியவே தெரியாது. அதே காரணத்தால் மொட்டை போட்டு யாருக்கும் சொட்டையும் விழாது.

இந்த வடிவத்தில் முடி குறைவதற்குக் காரணம் டிஎச்டி என்ற ஹார்மோனும் பரம்பரையும். முன்பக்கத்திலும் உச்சியிலும் முடியின் வேர்ப்பை சுருங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முடி இன்னும் மெலிசாக வரும். அம்மாவின் அப்பாவை மட்டும் திட்டாதீங்க, இரண்டு பக்கத்து ஜீனும் சேர்ந்ததுதான். ஹாஸ்டல் உப்புத் தண்ணி, ஹெல்மெட் இரண்டையும் இதில் விட்டுடலாம்.

என் கருத்து இதுதான்: மொட்டை போடுங்க, ஆனால் அதைக் கண்கட்டாக ஆக்காதீங்க. "என்னைக்கு வேணும்னாலும் வளர்த்துக்கலாம்" என்ற தைரியத்தில்தான் நாம் மொட்டையோடு கெத்தா நடக்கிறோம். அந்தத் தைரியத்தை ஒரு முறை சோதித்துப் பார்த்துடணும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். செமஸ்டர் லீவில் விட்டுப் பாருங்க. அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மூணு மாசத்துக்கு ஒரு போட்டோ எடுங்க.

ஏன் அவசரம்? மருந்துகள் போன முடியைத் திருப்பித் தருவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதில்தான் கெட்டி. மினாக்சிடிலை நிறுத்தினால் கிடைத்த பலன் சில மாதங்களில் போய்விடும். ஃபினாஸ்டரைடுக்குப் பக்க விளைவுகள் உண்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. வட்ட வட்டமாக உதிர்ந்தாலோ, காய்ச்சல் வந்து இரண்டு மூணு மாதத்தில் கொத்தாகக் கொட்டினாலோ அது வேற கதை. அதற்கும் தோல் டாக்டரிடம்தான் போகணும், ரீல்ஸில் வரும் வெங்காய எண்ணெயிடம் இல்லை.

எல்லாம் பார்த்துவிட்டு "ஒண்ணும் செய்யப் போறதில்லை, இப்படியே இருக்கேன்" என்று முடிவெடுத்தாலும் சரிதான். தெரிந்து எடுத்த முடிவு என்றால், சொட்டை விழுந்த பிறகும் அந்த மொட்டை நீங்க போட்ட மொட்டைதான். யாராவது சிரித்தால் சிரிச்சிட்டுப் போகட்டும். பிளேஸ்மென்ட்டில் முடிக்கு கட்-ஆஃப் கிடையாது.