கொக்கோ விளையாத நாட்டில் சாக்லேட்!

அனந்தபுரம் கடைத்தெருவுக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது சாக்லேட்தான். சாக்லேட்டில் பெயர்பெற்ற நாடு சுவிட்சர்லாந்து. ஆனால் அந்தக் குளிர்நாட்டில் கொக்கோ மரம் வளராது! கொட்டை வெளிநாட்டில் இருந்து வருகிறது.

பிறகு பெயர் எப்படி வந்தது?

1875-ம் ஆண்டில் டேனியல் பீட்டர் என்பவர் கொக்கோவுடன் பாலைச் சேர்த்தார். பால் சாக்லேட் பிறந்தது. 1879-ல் ரோடால்ப் லிண்ட் என்பவர் சாக்லேட் குழம்பை மணிக்கணக்கில் விடாமல் கிளறினார். அது வாயில் வைத்ததும் கரைந்தது. கைத்திறன் புகழைக் கொடுத்தது.

கொட்டையை விளைவிப்பவர் கதை என்ன?

2024-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்தது. கொக்கோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. ஆனால் ஐவரி கோஸ்ட், கானா நாட்டு விவசாயிகளுக்கு அந்த விலை முழுதாகக் கிடைக்கவில்லை. அங்கே கொள்முதல் விலையை அரசாங்கம் முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை விளைகிறது. அது மூட்டை மூட்டையாக வெளியூர் போனால், மிட்டாய் லாபம் வெளியூருக்குத்தான். கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. காரணம், அந்த ஊரின் கைப்பக்குவம்!

விளைகிற ஊரிலேயே பண்டமும் செய்தால், லாபம் ஊரிலேயே தங்கும்.