தலைப்பெழுத்தே போதும்!

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற ஆண்டு ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் கண்டு விழித்தேன். வெறுமையாக விட்டால் கணினி ஏற்கவில்லை. அப்பாவின் பெயரை நிரப்பினேன். வந்த கடிதமோ அப்பாவின் பெயரால் என்னை அழைத்தது! "பேசாமல் சாதிப் பட்டத்தைப் போட்டிருக்கலாமே" என்றான் நண்பன். அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

குடும்பப் பெயர் என்பது என்ன? ஆங்கிலேயரிடம் அது பெரும்பாலும் ஊரையோ தொழிலையோ குறிக்கும். 'தாட்சர்' என்றால் கூரை வேய்பவர். 'வாஷிங்டன்' என்பது இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஓர் ஊர். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரின் முன்னோர் அவ்வூரின் பெயரைச் சூடியவர்கள். நம் பக்கத்திலும் சான்று உண்டு. திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் 'சர்வேபள்ளி', நெல்லூர்ச் சீமையின் ஒரு கிராமம். தெலுங்கில் இதனை 'இண்டிபேரு' என்பர். குடும்பம் ஊரை விட்டு வந்தாலும் ஊர் பெயரை விட்டுப் போகவில்லை! அறிஞர் அண்ணாவின் 'சி' என்ற எழுத்தும் காஞ்சிபுரத்தை ஆங்கிலேயர் எழுதிய முறையால் வந்ததே.

ஆனால் நம் நாட்டில் பலரது பெயருக்குப் பின்னால் நின்றது ஊரன்று, சாதி. பெயரைக் கேட்டே திண்ணையா, தெருவா என்று இடம் ஒதுக்கிய காலம் அது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அன்று அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. நம் மண்ணில் எடுத்த முடிவை ஒரு கட்டத்துக்காக நாமே கைவிடலாமா?

ஒரே பெயரில் பலர் இருப்பதால் குழப்பம் வரும் என்பர். உண்மைதான். ஆனால் 'ஸ்மித்'துகள் மட்டும் குறைவா? அடையாளம் காணப் பிறந்த தேதியும் பதிவெண்ணும் இல்லையா?

என் அப்பா கையெழுத்துப் போடப் பழகியதே நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதுதான். பட்டறையிலிருந்து வந்து, என் சிலேட்டில் தம் பெயரின் முதல் எழுத்தை எழுதி எழுதி அழிப்பார். அந்த எழுத்து நாளை என் பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் நிற்கும். எங்கள் குடும்பத்திற்கு அதைவிடப் பெரிய பட்டம் எது?

ஒன்று மட்டும் சேர்க்கலாம்: அதனருகே அம்மாவின் எழுத்தும் நிற்கட்டும். மாற வேண்டியது படிவமே அன்றி, நம் பெயரன்று, நண்பர்களே!