கயிறு கட்டலாம், பெல்ட்டு கட்டக்கூடாதா?

தேசூர் கடைத்தெருவில் சென்ற வாரம் ஒரு டீக்கடையில் நடந்த பேச்சைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டியிருக்கின்றது. பட்டுப்புடவை வியாபாரம் செய்கிற கனவான் ஒருவர் ஆரணிக்குக் காரில் போகும்போது, சீட் பெல்ட்டு போடவில்லையென்று போலீசார் நிறுத்தி 1000 ரூபாய் அபராதம் எழுதிவிட்டார்களாம். "என் கார், என் உயிர். நான் கட்டிக்கொண்டால் என்ன, கட்டிக்கொள்ளாவிட்டால் என்ன? இதுதான் சுதந்திர நாடா?" என்று ஆத்திரத்தோடு கேட்டார். கடையிலிருந்தவர்களில் பலரும் அவர் சொல்வது நியாயந்தான் என்று தலையாட்டினார்கள்.

சுதந்திரம் என்ற வார்த்தையை யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்பது நம் வழக்கம். ஆகையால் கேட்டுவிட்டு, வெளியே நின்ற அவர் காரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்குகின்றன. கண்ணாடியில் ஒரு மாலை. அதன் கீழே ஒரு சிறு சாமி. அவர் மணிக்கட்டிலோ சிவப்பிலும் கறுப்பிலுமாக மூன்று கயிறுகள். இந்தக் காரை வாங்கிய அன்று இராகுகாலம் கழியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் கடை வாசலில் காத்திருந்தாராம். பிறகு புரோகிதருக்குத் தட்சணை கொடுத்து, நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து நசுக்கிய பிறகே வண்டி நகர்ந்ததாம். இதையெல்லாம் அவரே பெருமையாகச் சொன்னார்.

இத்தனை கட்டுக்கும் கையையும் கழுத்தையும் நீட்டுகிற மனிதருக்கு, உயிரைக் காக்கிற ஒரே ஒரு கட்டைக் கண்டதும் சுதந்திர ஞாபகம் வந்துவிடுகிறதே, அந்த அதிசயத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

நம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு நூலின் பலத்தைப் பற்றி நாம் சொல்லித்தரத் தேவையில்லை. இந்தப் பெல்ட்டும் நெசவுதான். பாலியெஸ்டர் நூலைப் பாவும் ஊடையுமாக நெருக்கி நெய்த, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பட்டைதான். ஏறக்குறைய ஒன்றரை டன் இழுவைக்கும் அறாமல் நிற்க வேண்டுமென்பது சர்வதேசச் சோதனை விதி. மந்திரித்த கயிற்றை எவனாவது எதிலாவது கட்டி இழுத்துப் பார்த்ததுண்டா? தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இப்பெல்ட்டை 1959-ல் சுவீடன் தேசத்து வால்வோ கம்பெனியின் என்ஜினீயர் நில்ஸ் போலின் என்பவர் அமைத்தார். அந்தக் கம்பெனியார் மற்றக் கார் கம்பெனிகளும் அதைச் செய்துகொள்ள வழிவிட்டார்கள். காணிக்கை கேட்கவில்லை, உண்டியல் வைக்கவில்லை.

"நாம் என்ன பறந்தா போகிறோம், மெதுவாகத்தானே போகிறோம்?" என்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மரத்தில் மோதி நின்றால், பெல்ட்டில்லாதவன் 20 அடி உயரத்திலிருந்து, அதாவது மாடியிலிருந்து விழுகிற வேகத்தோடு முன்னால் போய் அடிபடுகிறான். 60 கிலோமீட்டர் ஆனால் 46 அடி, பனைமரத்து உச்சி. பனை ஏறுகிற தொழிலாளி வயிற்றுக்காக ஏறுகிறவன். அவனே தவறிவிடாமலிருக்கக் கயிறு கட்டிக்கொள்ளுகிறான். "வண்டி தீப்பிடித்தால், ஏரியில் விழுந்தால் பெல்ட்டு மாட்டிக்கொள்ளுமே" என்பது இன்னொரு வாதம். அப்படி நடப்பது அபூர்வம். நடந்தாலும், நினைவோடிருப்பவன் கொக்கியை அவிழ்ப்பான். மண்டை அடிபட்டு நினைவிழந்தவன் எதை அவிழ்ப்பான்?

பின்சீட்டுக்காரருக்கு வேண்டாமென்பதும் பொய். 2022 செப்டம்பர் 4-ந் தேதி பம்பாய்க்கு வடக்கே பால்கர் ஜில்லாவில் டாட்டா கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் பாலத்தில் மோதிற்று. பின்சீட்டில் பெல்ட்டில்லாமலிருந்த அவரும் மற்றொருவரும் மாண்டார்கள். முன்சீட்டிலிருந்த இருவரும் பிழைத்தார்கள். எவ்வளவு கோடி இருந்தென்ன? அல்லாமலும், பின்னாலிருப்பவன் கட்டாமலிருந்தால் அவன் உடம்பே மூட்டைபோல் வந்து முன்னாலிருப்பவன்மீது விழுகிறது. அப்போது "என் உயிர்" என்ற பேச்சு எங்கே போயிற்று?

ரோட்டில் சுதந்திரம் பறிபோவது எப்படியிருக்குமென்று நமக்குத் தெரியாததல்ல. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கால் வைக்கக்கூடாதென்று மனிதரை மனிதர் தடுத்தார்களே, அது பறிப்பு. பெல்ட்டு எவனையும் ரோட்டைவிட்டுத் துரத்தவில்லை. தலைக்கவசச் சட்டம் நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கிறதென்று போட்ட வழக்கையும் 1988-ல் உச்சநீதிமன்றம் ஒப்பவில்லை. ஆனால் அதே தலைக்கவசச் சட்டத்தில் தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மட்டும் விலக்குண்டு. மண்டையோடு மதம் விசாரித்துக்கொண்டா உடைகிறது?

நிற்க. "என் உயிர் என் இஷ்டம்" என்பவர்கள் மாண்டபிறகு வீட்டில் நடப்பதை யாராவது யோசித்தார்களா? பிணம் வருகிறது. அவன் பெண்டாட்டியை நடுவில் உட்காரவைத்து, பூவைப் பிடுங்கி, பொட்டை அழித்து, வளையலை உடைக்கிறார்கள். பெல்ட்டு போடாமல் போனவன் அவன். மஞ்சள் குங்குமத்தை இழப்பவள் அவள். அதோடு விடுகிறார்களா? "இவள் ஜாதகம் அப்படி, கால்வைத்த ராசி அப்படி, புருஷனை விழுங்கிவிட்டாள்" என்று ஊரே பேசுகிறது. கொக்கியை மாட்டாத கையின் குற்றத்தை அவள் தலையெழுத்தின்மேல் எழுதிவிடுகிறார்கள். பிறகு கலியாண வாசலில் அவள் எதிரே வரக்கூடாது. பெற்ற மகளுக்குப் பூச்சூட்டவும் அவள் கை ஆகாது. ஒருவன் அனுபவித்த சுதந்திரத்துக்கு மற்றொருத்தி ஆயுள் முழுதும் தண்டனை அனுபவிப்பதென்றால் இது எந்த ஊர் நியாயம்? சர்க்கார் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் பெல்ட்டு போடாமல் மாண்டவர்கள் 16,715 பேர். இவர்களில் எத்தனை பேர் வீட்டில் இந்த வளையல் உடைந்திருக்கும்? எல்லாம் விதி என்பவர்கள் காருக்கு மாத்திரம் இன்ஷ்யூரன்ஸ் கட்டுவானேன்?

இப்படிச் சொல்லுவதால் சர்க்கார் செய்வதெல்லாம் சரியென்று நாம் ஒப்பவில்லை. போலீசாரைக் கண்டதும் பெல்ட்டை மார்பில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடுகிறவர்களைத்தான் அபராதம் உண்டாக்கியிருக்கின்றது. வண்டி எச்சரிக்கும் சத்தத்தை அடக்குவதற்கென்றே போலிக் கொக்கிகள் விற்றார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு அவற்றை இணைய வியாபாரக் கம்பெனிகள் விற்கக்கூடாதென்று தடுக்கவேண்டி வந்தது. போலீசுக்குப் பயந்து கட்டுகிறவனுக்கும் சாமிக்குப் பயந்து கட்டுகிறவனுக்கும் வித்தியாசமில்லை. காரணம் தெரிந்து கட்டுகிறவனுக்குப் போலீசார் எதற்கு?

மற்றொன்று: ஏழைக்கு ஏது பெல்ட்டு? காதுகுத்துக்கும் சாவுக்கும் நடவுக்கும் குட்டியானை வண்டியில் ஆடு மாடுபோல் நிற்கவைத்து ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அவர்களை எதனோடு கட்டுவது? சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாதென்று சட்டமிருக்கிறது. ஆனால் வேளைக்குப் பஸ் இல்லாத கிராமத்துப் பெண்பிள்ளை எதில் போவாள்? காரில் போகிறவனை மறித்து 1000 ரூபாய் வாங்குவது சுலபம். வண்டி கவிழ்ந்த பிறகு நிவாரணம் என்று சில லட்சம் அறிவிப்பதும் சுலபம். காலையிலும் மாலையிலும் இரண்டு பஸ் கூடுதலாக விடுவதுதான் கஷ்டம்போலும்!

டீக்கடைக் கனவானிடம் இவ்வளவையும் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பின்கதவைத் திறந்து காட்டச் சொன்னோம். பத்து வயது மகள் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போவது அந்தச் சீட்டில்தான். கொக்கி மாட்டுகிற இடத்தையே காணோம். புதிதாகத் தைத்துப்போட்ட சீட்டு உறைக்குள் புதைந்து கிடந்தது. கடைக்காரரிடம் கத்திரிக்கோல் வாங்கி உறையை வெட்டி, இரண்டு கொக்கிகளையும் அவரே வெளியே எடுத்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை மாத்திரம் தொடவில்லை. அது இன்னொரு நாள் பேச்சு.