ரசம் போன கண்ணாடி

எங்கள் குடும்பத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. 'தலைவெட்டிச் சித்தப்பா' என்பார்கள். பயந்து விடாதீர்கள். அவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வாழைக்காயைத் தவிர வேறு எதையும் வெட்டி அறியாதவர். 1958-ல் சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஜெர்மன் காமிராவை வாங்கி வந்தார். அதிலிருந்து வந்த பெயர் அது.

மூடி வைத்தால் அந்தக் காமிரா ஒரு சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறக்கும். கறுப்புத் துருத்தி விரியும். லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். மேல்தகட்டில் படுத்துக் கிடக்கும் வியூபைண்டரை எழுப்பி நிறுத்தி, அதன் வழியே பார்த்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு பிலிம் சுருளுக்கு எட்டுப் படம். பக்கத்தில் நின்று எடுத்த படம் எதுவானாலும், அதில் உள்ள மனிதருக்குத் தலை பாதிதான் இருக்கும்.

1962-ல் எங்கள் பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார். ஆறு மாதத்தில் பாட்டி போய்விட்டாள். அவளை எடுத்த ஒரே படம் அதுதான். அதில் புடவைக் கரை தெரிகிறது. கை வளையல் தெரிகிறது. மூக்குத்தி வரையில் தெரிகிறது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. சித்தப்பா அதன் பிறகு காமிராவைத் தொடவில்லை. ஆனால் குடும்பம் அவரை விட்டால்தானே? ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தக் கதை வெற்றிலைத் தட்டோடு சுற்றி வரும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

அவர் காலமான பிறகு காமிரா என்னிடம் வந்தது. சும்மா இருந்த ஒரு நாள், பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் எண்ணெய்க் காகிதத் துண்டு ஒன்றை விறைப்பாக ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தினேன். எதிர்ச்சுவர் தலைகீழாக அந்தக் காகிதத்தில் வந்து விழுந்தது. காமிராவை அசைக்காமல் வியூபைண்டர் வழியாகவும் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை! வியூபைண்டர் மேலே பார்க்கிறது. லென்ஸ் கீழே பார்க்கிறது. உற்று நோக்கினால் விஷயம் வெளிச்சமாயிற்று. பின்கண்ணாடி நிற்கும் இடத்தில் மேல்தகடு நசுங்கி, கண்ணாடி அரை நூல் இறங்கியிருந்தது. மூர் மார்க்கெட்டுக்கு வருவதற்கு முன்பே அது எங்கோ கீழே விழுந்திருக்க வேண்டும்.

அரை நூல் என்ன பெரிய பிரமாதம் என்று கேட்பீர்கள். அந்த அரை நூல் கோணலும், வியூபைண்டருக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே லென்ஸ் இருக்கிற இயற்கையான வித்தியாசமும் சேர்ந்தால், ஆறடி தூரத்தில் அரைச் சாண் ஆகிவிடுகிறது. பாட்டியின் நெற்றியும் கண்களும் அந்த அரைச் சாணில்தான் போயின. சித்தப்பாவின் கை நடுங்கவில்லை, கண் பிசகவில்லை. அவர் பாட்டியை முழுசாகத்தான் பார்த்தார். பொய் சொன்னது வியூபைண்டர். பட்டப் பெயர் அவருக்கு!

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நசுங்கலை நிமிர்த்துவதற்காக ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன். நிமிர்த்திவிட்டார், கெட்டிக்காரர். அத்தோடு நிறுத்தாமல், நான் கேட்காத உபகாரம் ஒன்றும் செய்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கண்ணாடிகளை உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்துவிட்டார்.

"பாருங்க சார், எப்படிப் பளபளன்னு இருக்கு!" என்றார்.

பார்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது. "உள்ளே ஒரு வெள்ளைக் கோடு இருந்ததே, எங்கே?" என்று கேட்டேன்.

"கோடா? அழுக்குதான் சார் இருந்தது."

அந்தக் 'கோடு' என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வான் ஆல்படா என்ற டச்சுக்காரர் கண்ட உபாயம் அது. 1930-களில் ஜெய்ஸ் ஐகான் கம்பெனி தன் பெரிய சூப்பர் ஐகாண்டாவில் அதைப் பொருத்தி விற்றது. நாம் கண் வைக்கும் சிறு கண்ணாடியைச் சுற்றி, முன்பக்கம் பார்த்தபடி ஒரு வெள்ளைச் சட்டம் வரைந்திருக்கும். முன்கண்ணாடியின் உட்குழிவில் மிக மெல்லிசாக ரசம் பூசியிருக்கும். காட்சி அந்த ரசத்தை ஊடுருவி வரும்; வெள்ளைச் சட்டமோ அதில் பட்டுத் திரும்பி, தூரத்துத் தென்னை மரத்தின் மேல் கிடப்பது போலத் தோன்றும். கோட்டுக்குள் இருப்பது படத்தில் விழும். வெளியில் இருப்பது விழாது. சின்ன வயசில் சித்தப்பா என்னைத் தூக்கிப் பிடித்து அதைக் காட்டியிருக்கிறார். ஆகாசத்தில் ஒரு ஜன்னல் மிதக்கும். அந்த ஜன்னலைத்தான் என் ரிப்பேர்க்கார நண்பர் அழுக்கென்று துடைத்துவிட்டார். போன ரசம் போனதுதான். செத்துப்போன வேறொரு காமிராவிலிருந்து கண்ணாடி எடுத்து மாற்றலாம். அல்லது புதிதாக ரசம் பூசலாம். எத்தனை தேய்த்தாலும் அது திரும்பாது.

அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரைவிட நம் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். பழைய காமிரா வாங்கப் போகிறவர் என்ன கேட்கிறார்? "லென்ஸ் என்ன லென்ஸ்? ஷட்டர் எத்தனை வேகம்? துருத்தியில் ஓட்டை உண்டா?" நல்ல கேள்விகள்தான். வியூபைண்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மாப்பிள்ளையின் குலம், கோத்திரம், சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கண் தெரியுமா என்று கேட்காமல் வருகிற சம்பந்திகள் மாதிரி! வாங்குகிறவன் கேட்காததால் விற்கிறவன் சொல்வதில்லை. இருவரும் மதிக்காததால் ரிப்பேர்க்காரர் அதை ஜன்னல் கண்ணாடியாக நினைத்துத் துடைக்கிறார்.

"வியூபைண்டர் எப்போதுமே உத்தேசம்தானே? கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் போகிறது" என்று ஒரு சிநேகிதர் வாதிக்கிறார். மடிப்புக் காமிராவில் அது உத்தேசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது தெரிந்தால்தான் விட முடியும். எந்தப் பக்கம் கோணல் என்றே தெரியாதவனுக்கு உத்தேசம் ஏது? சித்தப்பாவிடம் இதை யாராவது சொல்லியிருந்தால், ஒவ்வொரு தலைக்கு மேலும் அரைச் சாண் விட்டிருப்பார். பாட்டிக்கு முகம் இருந்திருக்கும்.

"யார் படம் எடுக்கப் போகிறார்கள்? கண்ணாடி பீரோவில் வைக்கத்தானே?" என்கிறார் இன்னொருவர். பீரோவில் வைப்பதானால் வெண்கலக் குத்துவிளக்கு வாங்கி வையுங்கள் ஐயா! 120 பிலிம் 1901-ல் வந்தது, இன்றும் விற்கிறது. காமிரா படம் எடுக்கத் தயாராக நிற்கும்போது அதைப் பொம்மையாக்க நாம் யார்?

ஆகையால், வாங்கப் போகிறவர்கள் தயவு செய்து முதலில் கண்ணை வைத்துப் பாருங்கள். மடிப்பு வியூபைண்டரானால் நிமிர்ந்து ஆடாமல் நிற்கிறதா, அடித்தகடு நசுங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் கவனியுங்கள். ஆல்படாவானால் வெளிச்சத்தில் நின்று வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். இல்லையென்றால் விலையைக் குறையுங்கள். தூசி இருந்தால் ரப்பர் பல்பால் ஊதுங்கள்; உட்கண்ணாடியில் விரல் படவே வேண்டாம். இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கிற சிறு வியூபைண்டரானால், உள்ளே சாய்வாக இருக்கும் கண்ணாடி ரசம் போயிருக்கலாம். அதற்கு முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டி வைப்பவர்கள் உண்டு. பின்பக்கம் ரசம் பூசிய கண்ணாடியில் உருவம் இரண்டாகத் தெரியும். முன்பக்கம் ரசம் பூசியதையே, அதே கனத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் காகிதச் சோதனையைச் செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை. கால் மணி நேரம் போதும்.

சித்தப்பாவின் காமிராவில் இப்போது கோடு இல்லை. ஆனாலும் நேராகப் பார்க்கிறது. சென்ற மாதம் சித்தியை அதே திண்ணையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டு ஒரு படம் எடுத்தேன். நெற்றி, கண், நரைத்த வகிடு எல்லாம் வந்திருக்கின்றன. பிரதியைக் கையில் வாங்கிய சித்தி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் எடுத்தப்பவும் சரியாத்தான் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

"சரியாகத்தான் பார்த்தார் சித்தி" என்றேன். முப்பது வருஷத்துக்கு முன்பே, அவர் காதில் விழும்படி, கல்யாணப் பந்தலில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.