ஞாயிற்றுக்கிழமைக் குதிரைகள்

வாரத்தில் ஆறு நாள் ஆபீஸுக்குப் போக ஒரு கார். ஏழாவது நாள் சந்தோஷத்துக்கென்று வேகமான இன்னொரு கார். நமது மத்தியதர வர்க்கத்தில் இப்போது இந்த ஆசை பரவி வருகிறது. கேட்ட மாத்திரத்தில் சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "ஒன்று போதாதா? என்ன ஊதாரித்தனம் இது!" என்று உபதேசத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நான் அவர்கள் கட்சியில் இல்லை. வருஷத்துக்கு இரண்டு கல்யாணத்தில் கட்டுவதற்காகப் பட்டுப் புடவையைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறோம். யாரும் மீட்டாத வீணை எத்தனையோ வீட்டுக் கூடத்தில் உறை போட்டு நிற்கிறது. பிரயோஜனம் ஒன்றை மட்டும் கருதி மனிதன் எந்தப் பொருளையும் சேர்ப்பதில்லை. ஒரு நல்ல இயந்திரத்தைத் தன் கையால் ஓட்டுவதும் ரஸனைதான். ஆகவே இரண்டாவது காரில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தில்தான் ஆட்சேபணை.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? இரண்டே கேள்விகள். எத்தனை குதிரை சக்தி? நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும்? மாப்பிள்ளையின் குணத்தை விட்டுச் சம்பளத்தை மட்டும் விசாரிக்கிற புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது.

2025 மே மாதம் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. காரை எடுத்துக்கொள்வோம். 265 குதிரை சக்தி. ஆறு விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகம். வந்தபோது விலை சுமார் 53 லட்சம் ரூபாய். அருமையான இயந்திரம், சந்தேகமில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால வரியின்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவிகிதம் கட்ட வேண்டும். அதாவது வரி மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டும். அந்த வரிப் பணத்தில் ஒரு முழுக் கார் வாங்கிவிடலாம்!

போகட்டும், பணம் அவருடையது. வாங்கிய குதிரையை எங்கே ஓட்டுவது? ஆபீஸ் போகும் தெருவில் முடியாது. உடனே யோசனை பிறக்கிறது: "வத்தல்மலைக்குப் போகலாம். இருபத்துநான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன!" தர்மபுரிக்குப் பக்கத்தில் இருக்கிற மலை. சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் அடிவாரம் சேர்ந்துவிடலாம்.

சேர்ந்த பிறகு நடப்பது என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற கார், அந்த ஆறு விநாடிக்குள் ஏறத்தாழ 80, 90 மீட்டர் ஓடிவிடுகிறது. மலைப் பாதையில் அவ்வளவு நேரான இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் அதன் முடிவில் அடுத்த வளைவு நிற்கிறது. வேகம் இரு மடங்கானால் வண்டியை நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. ஆகவே ஆக்ஸிலேட்டரில் கால் வைத்த மறுகணமே எடுக்க வேண்டும். ஐம்பத்து மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய 265 குதிரைகளில் பெரும்பாலானவை லாயத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. வந்தால் விபத்து, வராவிட்டால் ஏமாற்றம். இதற்குப் பெயர் சந்தோஷமா?

இதே பாதையில் ஒரு சின்னக் கார் ஏறட்டும். 2024-ல் வந்த ஸ்விஃப்டின் எடை சுமார் 920 கிலோ. சக்தி 82 குதிரை. கோல்ஃபோ ஏறத்தாழ ஒன்றரை டன். சின்ன இயந்திரத்துக்கு மலை ஏறுவது சுலபமல்ல. அதனால்தான் ஓட்டுகிறவனுக்கு வேலை இருக்கிறது. எங்கே இரண்டாவது கியருக்கு இறங்குவது, எந்த இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்குவது, இறங்கும்போது பிரேக் சூடேறாமல் இயந்திரத்தின் இழுப்பைக் கொண்டே வேகத்தை எப்படி அடக்குவது என்பதெல்லாம் கையும் காலும் காதும் சேர்ந்து செய்கிற காரியம். முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே முழு வித்தையும் காட்டலாம். ஆனந்தம் அங்கே இருக்கிறது, ஐயா. விளம்பரத் தாளில் அச்சடித்த எண்ணில் இல்லை.

நம்மவர்களுக்கு இது புதிய விஷயமும் அல்ல. 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு 948 சி.சி. இயந்திரம், நாற்பதை ஒட்டிய குதிரை சக்தி. ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கோயம்புத்தூர் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காருக்குள் இருந்தது சாதாரண மாருதி 800-ன் இயந்திரம். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், ஆரம்ப காலத்தில் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். அவருக்கு ஆரம்பத்தில் போதுமானதாக இருந்த சக்தி, நமது ஞாயிற்றுக்கிழமை வீரருக்குப் போதவில்லையாம்!

இவ்வளவும் ரஸனையைப் பற்றிய தகராறு. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாதை யாருடையது?

வத்தல்மலை யாரும் இல்லாத காடு அல்ல. பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு என்று மேலே ஊர்கள் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். கேரளத்தாரல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். சாமையும் ராகியும் காப்பியும் மிளகும் விளைவிக்கிறவர்கள். பாதை இல்லாத காலத்தில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்கியவர்கள். சுதந்திரம் வந்து எழுபது வருஷங்களுக்கு மேல் காத்திருந்த பிறகுதான் அவர்களுடைய ஊருக்கு அரசாங்க பஸ் ஏறியது. நமக்கு இருபத்துநான்கு வளைவு வேடிக்கை. அவர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகிற ஒரே வழி. அந்த வளைவுக்கு அப்பால் விறகுச் சுமையோடு ஒரு கிழவி வரலாம். ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை வரலாம். நம்முடைய உல்லாசத்தின் அபாயத்தை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

"நான் கெட்டிக்காரன், எனக்கு ஒன்றும் நேராது" என்பார் நமது வீரர். இருக்கலாம். எதிரே வருகிறவனும் கெட்டிக்காரனாக இருப்பான் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? மலைச் சரிவில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதும் வேகத்தைச் சோதிப்பதும் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். சட்டம் வேண்டாமென்றால் அதே தர்மபுரி மாவட்டத்திலுள்ள தொப்பூர் கணவாயைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். அகலமான தேசிய நெடுஞ்சாலையே இறக்கத்தில் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது!

வேகந்தான் வேண்டுமென்றால் அதற்கும் இடமில்லாமல் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரிவரதன் பெயரால் அமைந்த தளம் 2003 முதல் இருக்கிறது. அங்கே தலைக்கவசம் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எதிரே வருகிற வண்டி இல்லை. 265 குதிரைகளையும் அங்கே அவிழ்த்துவிடட்டும், நானும் கைதட்டுகிறேன். அங்கே போகத் துணிவில்லாமல் ஏழைகளின் பாதையில் பராக்கிரமம் காட்டுவது வீரமே அல்ல.

இரண்டாவது கார் வாங்க விரும்புகிறவர்களே, தாராளமாக வாங்குங்கள். எடை குறைந்ததாக, கையால் கியர் மாற்றுவதாக, குறுகிய இடத்தில் திரும்புவதாகப் பாருங்கள். பழைய வண்டியானாலும் பாதகமில்லை. மிச்சமாகும் பணத்தில் டயரையும் பிரேக்கையும் புதிதாக்குங்கள். ஆறு நாள் சும்மா நிற்கிற வண்டியில் எலி ஒயரைக் கடிக்கும், பாட்டரி செத்துப்போகும். நடுவில் ஒருநாள் எடுத்து ஓட்டுங்கள். மலைக்கும் போங்கள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, பஸ்ஸுக்கு வழிவிட்டு, மேலே போய் அந்த ஊர்க்காரரிடம் காப்பிக்கொட்டையும் சாமையரிசியும் விலை பேசாமல் வாங்கி வாருங்கள். அப்படி ஓட்டத் தெரிந்தவனுக்கு எண்பது குதிரை தாராளம். தெரியாதவனுக்கு இருநூற்று அறுபத்தைந்தும் போதாது.