பழைய பஞ்சைக் கழுவாதீர்கள்



போன மாதம் என் பேத்தியின் மீன் தொட்டிப் படத்தைப் போட்டிருந்தேன். "சார், எங்க வீட்டுல பத்து நாள்கூடத் தாங்கலையே, உங்க வீட்டுல மட்டும் எப்படி?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். கமெண்டில் இரண்டு வரி எழுதினால் போதாது என்று உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள், இதையும் படித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை.

சொல்ல வந்தது ஒன்றுதான். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள், மீன் வாங்கப் போவதற்கு முன்னால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருப்பவரிடம் போய் அழுக்கான ஃபில்டர் பஞ்சு கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். தொட்டி வைத்திருப்பவர்கள் இல்லை என்று சொல்லாமல் கொடுங்கள். முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்டு வாங்கினோமே, அதைப் போல இதுவும் சாதாரணமாக வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவடியில் இருக்கும் என் மகள், பேத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினாள். கண்ணாடி, மோட்டார், கூழாங்கல், ஆறு தங்கமீன், எல்லாம் ஒரே நாளில் ஒரே கடையில். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏழாம் நாள் ஒன்றும் மிச்சமில்லை. குழந்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம வீட்டுக்கு மீன் ராசி இல்லப்பா, விடு" என்றாள் மகள்.

அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த மீன்களைக் கொன்றது அவற்றின் சொந்தக் கழிவு. நான் 30 ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் வரைந்த நைட்ரஜன் சுழற்சி நினைவிருக்கிறதா? மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும்.

புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் போதிய அளவில் இருக்காது. தானாக வந்து சேர்ந்து பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாம் மீனை முதல் நாளே விட்டுவிடுகிறோம். சமையலறையே கட்டாத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட்ட கதை.

சரி, அந்த பாக்டீரியா எங்கே இருக்கிறது? தண்ணீரில் மிதந்துகொண்டு அல்ல. ஃபில்டர் பஞ்சு, கல், மணல், கண்ணாடி என்று ஏதாவது ஒன்றில் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ஃபில்டரில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே காற்றும் உணவும் நிறையக் கிடைக்கும். அதனால் அங்கேதான் கூட்டம் அதிகம். "பழைய தொட்டித் தண்ணீரை ரெண்டு குடம் ஊத்தினா போதும்" என்று சிலர் சொல்வார்கள். பெரிய பயன் இல்லை. வேண்டியது பஞ்சு.

இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்று இரண்டு பேர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டுப் பார்த்தார்கள். முதல் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நின்றுபோனது. அதை நீக்கிவிட்டு, தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீர் கொஞ்சம் சேர்த்தார்கள், மறுபடி ஆரம்பித்தது. வேலை செய்வது உயிருள்ள ஒன்று, அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதினார்கள். முதல் தடவை அது முழுதாக மாற ஐந்து வாரம் ஆனது. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதிலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ததில், ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. இன்று நம் கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையம் ஓடுவதும் இந்த வழியில்தான். பழைய சேறுதான் அங்கே முதலாளி. நம் வீட்டுத் தொட்டியின் பழைய பஞ்சும் அதே சேறுதான், அளவு சின்னது, அவ்வளவே.

இந்த இடத்தில் என் பழைய பாடத்தில் ஒரு திருத்தம். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று உங்களை எழுதவைத்தேன், மதிப்பெண்ணும் போட்டேன். நன்னீர் மீன் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

மகள் வீட்டுக்கு வருகிறேன். பூந்தமல்லியில் என் பழைய மாணவர் ஒருவர் பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறார். போன் செய்ததும் "வாங்க சார்" என்றார். தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, ஃபில்டர் பஞ்சில் பாதியைக் கத்தரித்து அதில் போட்டுக் கொடுத்தார். காபிப் பொடி நிறத்தில் கசடு. அதை மடியில் வைத்துக்கொண்டு ஆவடிக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, மீனா?" என்றார். "இல்லப்பா, பஞ்சு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பஞ்சைப் புது ஃபில்டரில் வைத்து, அன்றைக்கே ஐந்து கப்பி மட்டும் விட்டோம். மீன் விடாமல் தொட்டியைச் சும்மா ஓட்டினால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். ஒரேயடியாக இருபது மீன் விட்டால் அதனால் சமாளிக்க முடியாது. கடையில் சோதனைக் குப்பி வாங்கி, பத்து நாள் பேத்தியும் நானும் தினமும் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதினோம். மூன்றாம் நாள் லேசாக நைட்ரைட் காட்டியது, கால்வாசித் தண்ணீர் மாற்றினோம். ஆறாம் நாளிலிருந்து அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் மெல்ல ஏறியது. நாலு மாதம் ஆகிறது. ஐந்தும் இருக்கின்றன, குட்டிகளும் போட்டாகிவிட்டது.

நீங்கள் செய்வதாக இருந்தால் சில விஷயங்கள் கவனம்.

பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே கொண்டுவாருங்கள். காயக் கூடாது, வெயிலில் வண்டியில் வைக்கக் கூடாது, இறுக்கி மூடி நேரம் கடத்தக் கூடாது. அதற்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். சில மணி நேரத்துக்குள் புதுத் தொட்டியில் போட்டுவிட வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீரில் கிருமியைக் கொல்லத்தானே அதைக் கலக்கிறார்கள்? இந்த பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். தொட்டியில் ஊற்றும் மெட்ரோ தண்ணீருக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் போர் தண்ணீர் கடினநீராக இருந்தால் பயப்பட வேண்டாம், இந்த பாக்டீரியாவுக்கு அது ஒத்துப்போகும். நம் ஊர் வெப்பமும் அதற்குப் பிடித்தமானதுதான், ஹீட்டர் வேண்டாம்.

கொடுக்கிறவர் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. தன் தொட்டிக்கே ஆபத்து. கொடுத்த பிறகு ஒரு வாரம் தீனியைக் குறைத்துப் போடட்டும்.

"இன்னொரு தொட்டிப் பஞ்சு வந்தால் அங்கே இருக்கும் நோயும் வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளைப்புள்ளி நோய் வரலாம், நத்தையும் வரலாம். அதனால்தான் கடைத் தொட்டியைவிட வீட்டுத் தொட்டி மேல் என்கிறேன். கடைக்குப் புது மீன் வந்துகொண்டே இருக்கும், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பல மாதமாகப் புது மீன் விடாத, மீன்கள் ஆரோக்கியமாக இருக்கிற வீட்டுத் தொட்டியாகப் பார்த்துக் கேளுங்கள். ஆபத்து முழுதாகப் போகாது, நிறையக் குறையும். ஒன்றுமில்லாத தொட்டியில் மீனை விடுவதோ நிச்சயமான ஆபத்து.

குப்பியில் விற்கும் பாக்டீரியா சிலருக்கு வேலை செய்திருக்கிறது, சிலருக்கு இல்லை. நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் எந்த குடோனில் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. நேற்றுவரை மீனைக் காப்பாற்றிய பஞ்சைப் பற்றி அந்தச் சந்தேகம் இல்லை, காசும் இல்லை.

நாம் இருப்பது எந்த ஊர்ப் பக்கம் என்று யோசியுங்கள். அம்பத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கொளத்தூர். வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்து, நாடு முழுக்கப் பேர் வாங்கிய இடம். அதன் பக்கத்தில் இருந்துகொண்டு, தெருவுக்குத் தெரு குழந்தைகள் செத்த மீனைச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் ராசி என்கிறோம். ஒரு குழந்தை "ஏன் செத்துச்சு?" என்று கேட்கும்போது ராசி என்று பதில் சொன்னால், அது அடுத்த கேள்வியே கேட்காது. எனக்கு மீனைவிட அதுதான் கவலை.

அப்படி ஒரு கேள்வியை நானே அடக்கியிருக்கிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அதன் பொறுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை மொத்தத் தண்ணீரையும் இறைத்து, பஞ்சு, கல் எல்லாவற்றையும் குழாயடியில் வெள்ளையாகும்வரை தேய்க்கச் சொல்வேன். சுத்தம் சோறு போடும் என்று பாடம் வேறு. அடுத்த வாரமே இரண்டு மூன்று மீன் செத்து மிதக்கும். "தீனியை அள்ளிக் கொட்டினியா?" என்று அவனைத்தான் திட்டுவேன். ஒருநாள் அவன் மெதுவாகச் சொன்னான்: "சார், நாம சுத்தம் பண்ண பிறகுதான் சார் சாகுது."

வகுப்பே சிரித்தது. எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்து, எல்லோர் முன்னாலும் வெளியே நிற்க வைத்தேன். பொறுப்பைப் பிடுங்கி வேறு ஒருவனிடம் கொடுத்தேன். மீன்கள் அதற்குப் பிறகும் செத்தன.

அவன் பார்த்தான், தேதியை ஒப்பிட்டான், காரணத்தை ஊகித்தான். அறிவியல் என்றால் அதுதான். அன்று அந்த அறையில் அறிவியல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நைட்ரஜன் சுழற்சியைப் பாடம் நடத்திக்கொண்டே, கண்ணெதிரில் இருந்த தொட்டியில் அது ஓடுவதை நான் பார்க்கவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால், இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். தம்பி, நீ சொன்னது சரி. நான் செய்தது தவறு. மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே உங்கள் ஃபில்டரில் கூடுதலாக ஒரு துண்டுப் பஞ்சு செருகி வையுங்கள். ஒன்றரை மாதத்தில் அது பழகிவிடும். உங்கள் வீட்டுக் குழந்தையின் தோழிக்கோ, எதிர் வீட்டுக்காரருக்கோ கொடுக்க உதவும். கமெண்டில் உங்கள் ஊரை மட்டும் எழுதுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் நான் சேர்த்து வைக்கிறேன். பக்கெட் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
அம்பத்தூர்